வலிப்பு நின்றும் வெளியே வராத தங்கை: தமிழில் மனநல ஆலோசனை எங்கே கிடைக்கும்?

நாங்கள் களியக்காவிளையில் வசிக்கிறோம். பள்ளிப் பருவம் முதல் வலிப்பு நோயுள்ள என் தங்கைக்கு (வயது 24), லெவெடிராசிடம் மாத்திரையால் சென்ற ஓணத்திற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. ஆனால் பணியிடத்தில் விழுந்ததால் வேலையை இழந்தவள் அதன்பின் வீட்டைவிட்டு வெளியே வருவதேயில்லை. அவளுடைய மூச்சைக் கவனித்தபடி அம்மா இரவெல்லாம் விழித்திருக்கிறார். 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இந்துத் திருமணச் சட்டமே வலிப்பு நோயைத் தடைகளிலிருந்து நீக்கிவிட்ட பின்னும், வரன் வீட்டாரிடம் மறைக்கும்படி உறவினர் வற்புறுத்துவது அவளை மேலும் ஒடுக்குகிறது.

இம்மாத்திரையால் எரிச்சலும் மனச்சோர்வும் வரக்கூடும் என்பதால், மருத்துவரின் அறிவுரைப்படி அளவை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. திருவனந்தபுரத்தில் ஆலோசனைக்கும் சென்றோம், மலையாளத்தில் அவளால் மனம் திறக்க இயலவில்லை.

நாகர்கோவில், திருவனந்தபுரம் பகுதியில், நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் சேர்த்துத் தமிழில் ஆலோசனை தருபவர் யாரையேனும் அறிவீர்களா?