கதவில் மாட்டுவது மலர்வளையம் அன்று, தழைவளையம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆண்டிறுதியில் வீட்டு முகப்பை அலங்கரிப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவரும் டொராண்டோ அம்மையார், ரீத் (கதவில் மாட்டும் அலங்கார வளையம்), போர்ச் (வாசலை ஒட்டிய வீட்டு முகப்பு), வின்டர் ஹாலிடேஸ் (குளிர்கால விடுமுறை), ஸ்ட்ரிங் லைட்ஸ் (சரமாகத் தொடுத்த சிறு மின்விளக்குகள்) என்ற நான்கிற்கும் நம் குழுவில் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். முதற்சொல்லுக்கு 'மலர்வளையம்' போதும் என்று மூவர் எழுதிவிட்டார்கள். அகராதிகளும் அப்படித்தான் தருகின்றன. ஆனாலும் அந்தச் சொல் வாழும் வீட்டின் வாசலுக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

மொரிஷியஸில் குவாத்ர் போர்ன் நகரில் மாலை நேரத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், பிள்ளைகளின் பயிற்சித்தாளில் 'வாசற்கதவில் மலர்வளையம் மாட்டினார்கள்' என்று நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ஒரு சிறுவன் அதை வீட்டில் உரக்கப் படித்திருக்கிறான். அடுப்படியில் இருந்த அவனுடைய பாட்டி கைவேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து, 'யார் வீட்டில் சாவு?' என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அவரே வகுப்பு வாசலுக்கு வந்து, 'டீச்சர், நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை வாயில் இப்படி ஒரு சொல்லைக் கொடுக்கலாமா?' என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்றே அந்த வரியை அடித்தேன். ஆனால் மாற்றாக எதை எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டேன்.

பாட்டி கேட்டதில் தவறில்லை. தமிழில் மலர்வளையம் என்றதும் அடுத்து வரும் வினை 'வைத்தல்', அதற்கடுத்து வருவது 'அஞ்சலி'. செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் அந்த மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஆங்கிலத்தில் ரீத் என்பது கல்லறைக்கும் போகும், கதவுக்கும் போகும். எங்கள் தீவில் பேசும் கிரியோலிலும் பிரெஞ்சிலும் இரண்டிற்கும் 'குரோன்' என்றே பெயர். ஆனால் அச்சொல்லுக்கு முதற்பொருள் மணிமுடி என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. மலர்வளையத்துக்கு அப்படிப்பட்ட மங்கலமான பக்கம் எதுவும் இல்லை.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பெயர் பொருந்தாது, ஏனென்றால் அதில் பூவே பெரும்பாலும் இருப்பதில்லை. கம்பியாலோ வைக்கோலாலோ காய்ந்த கொடியாலோ ஒரு வட்டச் சட்டம் செய்துகொள்கிறார்கள். ஃபிர், ஸ்புரூஸ், பைன், சீடார் போன்ற என்றும் பசுமையான மரங்களின் சிறு கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நான்கைந்தாகச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய கம்பியால் சட்டத்தோடு இறுக்குகிறார்கள். ஒரு பிடியின் காம்பை அடுத்த பிடியின் நுனி மூடும்படி ஒரே திசையில் கட்டிக்கொண்டு போனால், கடைசிப் பிடியின் காம்பு முதற்பிடியின் அடியில் மறைந்துவிடும். எங்கே தொடங்கியது என்று பிறகு தேடினாலும் தெரியாது. அதன்மேல் ஒரு சிவப்பு ரிப்பன், சில பைன் காய்கள், ஹாலி என்ற செடியின் சிவந்த கனிகள், அவ்வளவுதான். வெளியே உறைபனி நிற்கும் ஊர்களில் அந்தத் தழை வாரக்கணக்கில் பசுமை மாறாமல் இருக்கிறது. ஆக, இது பூவால் ஆன பொருள் அன்று, தழையால் ஆன பொருள்.

அதனால்தான் தழைவளையம் என்று சொல்லலாம் என்கிறேன். தழை என்பது ஆட்டுக்குப் போடுவது, வயலில் உரமாக மிதிப்பது, அதைப் போய் அலங்காரப் பொருளுக்குப் பெயராக வைப்பதா என்று மதுரையிலிருந்து ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டார்கள். அதே வேரிலிருந்துதான் ஐயா, 'குடும்பம் தழைக்கட்டும்' என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். புதுமனைக்கும் புதுமணத் தம்பதிக்கும் நாம் கூறும் அந்த வாழ்த்து, வாசலில் மாட்டும் பொருளின் பெயரிலேயே ஒலிப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. சொல்லும் எளிதாக வளைந்துகொடுக்கிறது: சவுக்குத் தழைவளையம், மாந்தழைவளையம் என்று எதில் செய்தாலும் முன்னால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் செயற்கைப் பொருளை நெகிழித் தழைவளையம் எனலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் முன்வைத்த 'படலை' என்ற சொல்லை நான் எளிதில் தள்ளவில்லை. தளிரும் பூவும் விரவிக் கட்டிய மாலைக்குப் பழந்தமிழில் படலை என்று பெயர் உண்டு. பொருளுக்கு இதைவிட நெருங்கிய பழஞ்சொல் கிடைப்பது அரிது. ஆனால் அவருடைய ஊரிலேயே படலை என்பது வேலியில் உள்ள வாயிற்கதவு. 'படலையில் படலை மாட்டினோம்' என்று எழுத நேர்ந்தால் ஈழத்து வாசகர் தடுமாறுவார், அந்தப் பழம்பொருளை அறியாத மற்றவர்களோ இரண்டிலுமே தடுமாறுவார்கள். கண்ணி என்பது தலையில் சூடுவது. 'திருவருகை வளையம்' என்று ஒருவர் எழுதியது வேறொரு பொருள்: கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கு ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றுவதற்கு மேசைமேல் படுக்கையாக வைக்கும் வளையம் அது. 1839இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் வீகெர்ன் என்ற போதகர் தம் பொறுப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சக்கரத்தின்மேல் மெழுகுவர்த்திகளை வைத்துத் தொடங்கிய வழக்கத்திலிருந்து அது வளர்ந்தது. கதவில் தொங்குவதை அந்தப் பெயரால் அழைத்தால் இரண்டும் குழம்பும்.

அடுத்து போர்ச். திண்ணை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். திண்ணை உட்காரும் மேடை. அலங்கரிக்கப்படுவதோ படி, தூண், கைப்பிடி, கதவு எல்லாம் சேர்ந்த இடம். எங்கள் பழைய மர வீடுகளில் அந்த இடத்துக்கு வராங் என்று பெயர், நம் வராந்தாவின் உறவுச்சொல். பேச்சில் அதை விடமாட்டோம். எழுத்துக்கு நான் ஆதரிப்பது முன்றில். இல்லின் முன் என்பதே இல்முன். அதுவே முன்பின்னாக மாறி முன்றில் என நின்றதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருப்போம்.

இதற்குச் சென்னை நண்பர் ஒருவர் எழுப்பிய தடை சிந்திக்கத்தக்கது. குறுந்தொகையின் 41ஆம் பாட்டில் வரும் 'அணில் ஆடு முன்றில்', மக்கள் விட்டுப்போன பாழ்வீட்டின் முன்றில். அந்தத் தொடராலேயே அப்பாட்டின் புலவர் அணிலாடு முன்றிலார் என்று பெயர் பெற்றார். வெறுமையின் நினைவு படிந்த சொல்லை விழா அலங்காரத்துக்கு எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. அதே பாட்டின் முற்பாதியைப் படித்துப் பாருங்கள். காதலர் அருகில் இருந்தால் 'சாறு கொள் ஊர்' போல மகிழ்வேன் என்கிறாள் தலைவி. சாறு என்றால் விழா. விழா எடுத்த ஊரும் ஆளற்ற முன்றிலும் ஒரே பாட்டில் எதிரெதிராக நிற்கின்றன. ஆள் வந்தால் முன்றில் விழாக்கோலம் பூணும், போனால் அணில் ஆடும். சொல்லில் பாழ்மை இல்லை. சங்கப் பாட்டில் அது கூரையில்லாத முற்றத்தையும் குறிக்கும் என்ற மற்றொரு தடையை ஏற்கிறேன். கூரையைக் குறிப்பாகச் சொல்லவேண்டிய இடத்தில் 'கூரை முன்றில்' என்று எழுதிக்கொள்ளலாம்.

'குளிர்கால விடுமுறை' என்ற தொடரை மட்டும் எங்கள் பொருட்டு நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ், யூதர்களின் ஹனுக்கா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே 1966இல் தொடங்கிய குவான்சா, புத்தாண்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவர அப்படிச் சொல்கிறார்கள். அங்கே அது சரி. இங்கே டிசம்பர் கோடைக்காலம். சாலையோரத்து ஃபிளம்பாயன் மரங்கள் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும், லிச்சிப் பழம் குலைகுலையாகச் சந்தைக்கு வரும், புயற்பருவமும் அப்போதுதான். எங்களுக்குக் குளிர்கால விடுமுறை என்றால் ஆண்டின் நடுவே ஜூலையில் பள்ளிக்கு விடுவது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்க்கும் அப்படியே. 'ஆண்டிறுதி விழாக்காலம்' என்றால் டொராண்டோவிலும் தவறாகாது, குவாத்ர் போர்னிலும் தவறாகாது.

ஸ்ட்ரிங் லைட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரவிளக்கு என்று எழுதாதீர்கள், அது கோயிலில் சங்கிலியில் தொங்கும் விளக்கு. விளக்குச்சரம் எனலாம். தமிழ்நாட்டில் வழங்கும் 'சீரியல் செட்' பேச்சுக்கு நல்ல சொல்தான், ஆனால் அது பழைய வகைத் தொடரிணைப்பை வைத்து எழுந்த பெயர். ஒரு குமிழ் போனால் வரிசை முழுவதும் அணைந்த காலம் அது. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்குமிழ்களை எரியவிட்டதிலிருந்து இணைப்பு முறை எத்தனையோ மாறிவிட்டது; சரம் என்ற வடிவம் மாறவில்லை.

சென்ற டிசம்பரில் என் மாணவர்களோடு கடற்கரையில் விழுந்து கிடந்த சவுக்குக் கிளைகளைப் பொறுக்கிவந்து, கம்பி வளையத்தில் கட்டிப் பார்த்தோம். சவுக்கின் இழைகள் கணுக்கணுவாக இருப்பதால் பிள்ளைகள் பாதியைப் பிய்த்து விளையாடிவிட்டார்கள். மீதியைப் பிடிபிடியாகக் கட்டி, அதன் சிறு காய்களையும் செருகினோம். அந்தச் சிறுவன் தன்னுடையதை வீட்டுக்கு எடுத்துச்சென்று, மாவிலைத் தோரணத்தின் கீழே கதவில் மாட்டியிருக்கிறான். வெயிலில் நான்காம் நாளே பழுத்துப் பழுப்பாகிவிட்டதாம். புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு ஏறியதும் முன்றிலில் இருந்த எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைத்த பாட்டி, அந்தக் காய்ந்த வளையத்தையும் எறியாமல் உள்ளே கொண்டுபோனாராம். இப்போது அதற்கு வகுப்பில் என்ன பெயர் என்று அவர் கேட்டபோது, பையன் தழைவளையம் என்றிருக்கிறான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லையாம், தலையை மட்டும் ஆட்டினாராம்.

டொராண்டோ அம்மையார் தம் கையேட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டுகிறேன். வட்டமாகக் கட்டாமல் கீழ்நோக்கித் தொங்கவிடும் தழைக்கொத்துக்கு அவர்கள் ஊரில் 'ஸ்வாக்' என்கிறார்களே, அதற்குத் 'தழைத்தொங்கல்' சரியாக வருமா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

அன்புடன்,
குவாத்ர் போர்னிலிருந்து ஒரு தமிழாசிரியை