பெட் ஸ்கேன்: புற்றுநோய் என்றாலே எடுத்துவிட வேண்டுமா?

அலைவரிசை:
என் அக்காவுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய். பெட் ஸ்கேனுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதனால் கேட்கிறேன்: புற்றுநோய் என்று உறுதியான எல்லோருக்கும் முதல் வேலையாக பெட் எடுத்துவிட்டால் என்ன? சிடி கட்டியின் அளவையும் வடிவத்தையும்தான் காட்டும். அந்தக் கட்டி இன்னும் துடிப்பாக இருக்கிறதா என்று பெட்தான் சொல்லும். அதுவும் கிட்டத்தட்ட உடல் முழுவதற்கும் ஒரே தடவையில்.

மாலைநிழல்:
லிம்போமாவுக்கு வேண்டும், அதில் தகராறே இல்லை. "எல்லோருக்கும்" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய், பரவியதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்றால் வழக்கமாக பெட் தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். ஆபத்து குறைந்த புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அப்படியே.

பெரும்பாலும் ஊசியில் போவது எஃப்டிஜி, அதாவது ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த குளுக்கோஸ். சர்க்கரையை அதிகம் விழுங்கும் இடம் ஒளிரும். காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயம் எல்லாமே விழுங்கும். மூளை சொல்லவே வேண்டாம், எப்போதும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒளிர்ந்த இடம் புற்றுநோயோ என்று சந்தேகம் வந்தால் அப்புறம் பயாப்சி (திசுவை எடுத்துப் பார்ப்பது), முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

அலைவரிசை:
பயாப்சி எடுத்தால் தெரிந்துவிடும், அவ்வளவுதானே? தெரியாமலே விட்டுவிடுவது இதைவிட மோசம். அக்காவின் நோயையே பாருங்கள். நோய் பரவிய நிலையிலும், 2 சுற்று கீமோவுக்குப் பிறகு எடுக்கும் பெட்டில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் மருந்தை விட்டுவிடலாம். ஒரு ஸ்கேன் ஒரு மருந்தையே மிச்சப்படுத்துகிறது. கீமோ முடிந்தும் நெஞ்சில் ஒரு கட்டி மிஞ்சினால், அது வெறும் தழும்பா, உயிருள்ள நோயா என்று சிடியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியுமா?

ஊசிமுனை:
பெட் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

வரிசை நீள்வதற்கு இயந்திரம் மட்டும் காரணம் இல்லை. ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தில் தயாரித்து, தரம் பார்த்து, வண்டியில் ஏற்றி எங்களிடம் வருவதற்குள் தேய்ந்துகொண்டே இருக்கும். 220 நிமிடம் தாமதமானால் கால் பங்குதான் மிச்சம். சைக்ளோட்ரான் பழுதானால் அன்றைய பட்டியல் மொத்தமும் போச்சு. வாங்கி அடுக்கிவைக்கிற சரக்கு இல்லை இது. புராஸ்டேட்டுக்கென்று உள்ள பிஎஸ்எம்ஏ என்ற வகை பெட் ஸ்கேனில் பயன்படும் கதிரியக்கப் பொருளான காலியம்-68ஐ, அதைத் தரும் ஜெனரேட்டர் என்ற சிறு கருவியிலிருந்து (மின்சார ஜெனரேட்டர் இல்லை) அங்கேயே எடுக்கலாம். ஆனால் அதன் அரை ஆயுள் வெறும் 68 நிமிடம்.

வந்த நோயாளியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. காலையில் இன்சுலின் போட்டுவிட்டு வந்தால் சர்க்கரை முழுவதும் தசைக்குப் போய்விடும், படம் கெட்டுவிடும். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்கச் சொல்வோம். குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கக் கொழுப்பு ஒளிர்ந்து குழப்பும். அதனால்தான் போர்வை தருகிறோம். உபசாரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மாலைநிழல்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்றால், தேவையில்லாதவர் ஒருவர் உள்ளே போகும்போது அலைவரிசையின் அக்கா ஒருவர் வெளியே நிற்கிறார். சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும் லிம்போமா நோயாளிக்கு "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று ஆறு மாதத்துக்கொரு முறை எழுதித் தருகிறார்களே, அதை நிறுத்தினாலே இடம் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உடம்பில் கதிரியக்கமும் ஏறுகிறதே.

அலைவரிசை:
நன்றாக இருப்பவருக்கு அடிக்கடி வேண்டாம், சரி. ஆனால் முதல் ஸ்கேனை "வழிகாட்டுதலில் இல்லை" என்று மறுப்பதை ஏற்க மாட்டேன். அந்த வழிகாட்டுதலும் சராசரி நோயாளிக்கு எழுதியதுதானே? வரிசை நீளம் என்றால் சைக்ளோட்ரானைக் கூட்டட்டும்.

ஊசிமுனை, ஒரு சந்தேகம். கீமோ முடிந்தபின் எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம்?

ஊசிமுனை:
சிகிச்சைக்குப் பின் எடுக்கும் கடைசி ஸ்கேனுக்கு அவசரம் வேண்டாம். கீமோ முடிந்து குறைந்தது 3 வாரம், முடிந்தால் 6 முதல் 8 வாரம். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் சுமார் 3 மாதம் பொறுக்க வேண்டும், புண்ணும் ஒளிரும். கீமோவுக்கு நடுவில் எடுப்பது என்றால் அடுத்த சுற்றுக்கு முன்னால், அதற்கு நெருக்கமாக. இப்போது முதல் ஸ்கேனுக்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால், ஸ்டீராய்டு ஏதாவது தொடங்கிவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். லிம்போமாவில் அது ஒளிர்வை மங்கச் செய்துவிடும். தேதியை முன்னால் இழுக்க மருத்துவரிடம் சொல்ல அதுவே நல்ல காரணம்.