சவரக் கத்திக்கு விலை உயர்ந்த இயற்கைத் தீட்டுக்கல் தேவைதானா?

கூழாங்கல்:
என்னிடம் இரண்டு மடக்குச் சவரக் கத்திகள் உள்ளன. ஒன்று ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்ட புதிய கத்தி, மற்றது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட பழைய கத்தி. ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 என அமைந்த (எண் கூடக்கூடத் துகள் நுண்ணியது) செயற்கைக் கல்லில் மூன்று ஆண்டுகளாகத் தீட்டி, தோல்வாரில் இழுத்துச் சவரம் செய்து வருகிறேன். தாடைக்குக் கீழே, முடி பக்கவாட்டில் வளரும் இடத்தில் மட்டும் சவரம் முடிந்தபின் சற்று எரிச்சல் இருக்கிறது. பெல்ஜியத்தின் கோட்டிகுல் என்னும் இயற்கைக் கல்லில் தீட்டினால் அந்த எரிச்சல் தீரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்து வைத்திருக்கும் கோட்டிகுல் ஒன்றின் விலைக்கு இப்போதுள்ள கல்லைப்போல மூன்று வாங்கிவிடலாம் என்பதால்தான் தயங்குகிறேன். வாங்கி வைத்திருப்பவர்களும், வாங்கிப் பின்னர் விற்றுவிட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சள்பாறை:
வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஆனால் இதைவிடக் கூரான விளிம்பு கிடைக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். கூர்மையில் செயற்கைக் கல் பின்தங்கியது அன்று. கோட்டிகுல் தருவது முகத்தோலில் உறுத்தாத ஒரு விளிம்பு.

அதற்குக் காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம் ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில், நீலம் கலந்த பலகைக்கல்லுக்கு நடுவே மெல்லிய மஞ்சள் அடுக்காக இது கிடைக்கிறது. எளிதில் உடையக்கூடியது என்பதால் அடியில் பலகைக்கல்லை ஒட்டித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். இதில் எஃகைத் தேய்ப்பவை ஸ்பெசார்ட்டின் என்னும் கார்னெட் மணிகள். நாம் மோதிரத்தில் பதிக்கும் கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே. இம்மணிகள் பல முகங்கள் கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால், அளவில் பெரியவை ஆனாலும் எஃகில் ஆழமாகக் கீறுவதில்லை. செயற்கைக் கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடு துகள்களோ உடைந்த கண்ணாடியைப்போலக் கோணல்மாணலாக இருப்பவை.

இரண்டாவது காரணம், ஒரே கல்லில் வேலை முழுவதையும் முடித்துவிடலாம் என்பது. சிறு உரசுகல்லால் மேற்பரப்பைத் தேய்த்துப் பால்போன்ற குழம்பை உண்டாக்கினால் கல் வேகமாகத் தேய்க்கும். தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்தால் வேகம் படிப்படியாகக் குறையும். இறுதியில் வெறும் தண்ணீரில் இழுக்கும்போது கல் ஏறக்குறைய எதையும் வெட்டாமல் விளிம்பைத் துலக்க மட்டும் செய்யும். இந்தப் பக்குவம் கைவர எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அளவுகோல்:
மஞ்சள்பாறை அவர்கள் விவரித்த முறையில் எனக்கு மறுப்பில்லை. அவர் கடைசியாகச் சொன்ன ஆறு மாதத்தைத்தான் கூழாங்கல் அவர்கள் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

நான் மூன்று கோட்டிகுல் கற்களையும் ஒரு ஜப்பானியக் கல்லையும் வாங்கி, நான்கையும் விற்றவன். ஒரே மலையில் எடுத்த கோட்டிகுல் கற்களுள் ஒன்று வேகமாகத் தேய்த்தது, இன்னொன்று அரை மணி நேரம் இழுத்தும் மிகக் குறைவாகவே தேய்த்தது. இரண்டிற்கும் ஒரே விலைதான் கொடுத்தேன். செயற்கைக் கல்லில் 8000 என்று எழுதியிருந்தால் துகள் ஏறக்குறைய 1.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று தெரியும், அடுத்து வாங்கும் கல்லும் அப்படியே இருக்கும். அதற்கு மேலும் மெருகு வேண்டுமென்றால், 1 மைக்ரான் துகள் பூசிய மெருகுத்தாள் ஒன்றைக் கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீரால் ஒட்டி இருபது முறை இழுத்தால் போதும். தாளின் விலை கோட்டிகுல் வந்து சேரும் அஞ்சல் செலவுக்குக்கூட ஈடாகாது.

இயற்கைக் கல் பேரன் காலம்வரை உழைக்கும் என்று அடுத்து யாரேனும் சொல்லக்கூடும். சமையல் கத்தி தீட்டுபவருக்கு அது பொருந்தலாம். சவரக் கத்தியோ ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கல்லைத் தொடுவது. அப்போதும் மிகச் சிறிதளவு எஃகுதான் தேய்கிறது. இரண்டு கத்திகளுக்கு மட்டும் பயன்படும் செயற்கைக் கல்லும் நம் ஆயுளைத் தாண்டியே நிற்கும்.

தாடைக்குக் கீழே மட்டும் எரிகிறது என்றால் ஐயம் முதலில் கையின்மேல்தான் எழ வேண்டும். கன்னத்தில் எரியாத அதே விளிம்பு கழுத்தில் எரிகிறது என்றால், அங்கே தோலைப் போதுமான அளவு இழுத்துப் பிடிக்கவில்லை, அல்லது கத்தியைச் சற்று நிமிர்த்திப் பிடிக்கிறீர்கள்.

மஞ்சள்பாறை:
கையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மெருகுத்தாளில் முடித்த கத்தியால் நானும் சவரம் செய்திருக்கிறேன். முடியை அது அருமையாக வெட்டியது, தோலையும் கூடவே சுரண்டியது.

இதற்குப் புறச்சான்றும் உண்டு. 2020இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமான சவர எஃகு எப்படி மழுங்குகிறது என்று மின்னணு நுண்ணோக்கியின்கீழ் கண்டு எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டு போவதைவிட, முடி சாய்ந்து வளையும் இடத்தில் நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்து போவதையே அவர்கள் கண்டார்கள். கீறல்கள் ஆழமாக இருந்தால் அந்தச் சில்லுகள் பெயர்வதற்கு வழி எளிதாகும் அல்லவா?

அளவுகோல்:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அது தொழிற்சாலையில் செய்து பயன்படுத்தியபின் எறியும் பிளேடுகளைப் பற்றியது. எஃகின் உட்கட்டமைப்பு இடத்துக்கு இடம் மாறுபடுவதும், முடி சாய்ந்து மோதும் கோணமும், விளிம்பில் மோதும் இடமும் ஒன்றுசேரும்போது சில்லு பெயர்கிறது என்பதே அதன் முடிவு. எந்தக் கல்லில் தீட்டினால் நல்லது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் கேட்டது நல்ல கேள்விதான். அதற்கான விடையை அந்த ஆய்வின்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

விலை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் சோன்னபெர்கில் எஷர் நிறுவனம் விற்ற துரிங்கிய இயற்கைத் தீட்டுக்கற்கள் இன்று சுரங்கத்திலிருந்து வருவதில்லை, பழைய இருப்புதான் கைமாறுகிறது. அவற்றுள் பக்கத்தில் ஒட்டிய காகிதச் சீட்டு கிழியாமல் இருக்கும் கல்லுக்குச் சீட்டில்லாத கல்லைவிட விலை அதிகம். அந்தச் சீட்டு எந்தக் கத்தியையும் தீட்டாது. ஜப்பானில் கியோட்டோவின் நாகயாமா கற்களிலோ முத்திரையே விலையாகிவிட்டதால், போலி முத்திரை குத்தி விற்பதும் நடக்கிறது. இவை சேகரிப்புப் பொருள்கள், சேகரிப்பவர் வாங்கட்டும். ஆனால் முகத்துக்கு நல்லது என்று சொல்லிக் கூழாங்கல் அவர்களுக்கு விற்காதீர்கள்.

பழையகடை:
என் தந்தையார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். நாற்பது ஆண்டுகள் ஒரே ஒரு கல்லை வைத்திருந்தார். அதன் பெயரும் ஊரும் அவருக்கும் தெரியாது. கரும்பச்சையாய், கையகலத்தில், நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. நாற்காலியில் தொங்கிய தோல்வாரைத்தான் அவர் நாள் முழுவதும் நம்பினார், கல்லை எடுப்பது எப்போதாவதுதான். பாதியாக ஒடித்துச் செருகும் பிளேடு வந்தபின் கல், வார் இரண்டுமே பரணுக்குப் போயின. இருவரும் பேசும் கல்லைவிட வாருக்கு இதில் பங்கு அதிகம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வாரைத் தளர்வாகப் பிடித்து இழுத்தால் எந்தக் கல்லில் தீட்டிய விளிம்பும் உருண்டுவிடும்.

விலையைக் குறைக்க வழி ஒன்று உண்டு. நீள்சதுரமாக அறுக்க முடியாமல் கோணல் வடிவில் எஞ்சும் கோட்டிகுல் துண்டுகளைத் தனியே விற்கிறார்கள். கல் அதே கல்தான், விலை வெகுவாகக் குறையும். சவரக் கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்க வேண்டும் என்பதால் கல் சமதளமாக இருப்பதே முக்கியம். அகலம் குறைந்த கல்லில் கத்தியைக் குறுக்காக நகர்த்திக்கொண்டே இழுத்தால் போதும்.

யார் எந்தக் கல்லை வாங்கினாலும் சரி, சாணைச் சக்கரக்காரரிடம் மட்டும் சவரக் கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விட்டால் பின்னர் எந்தக் கல்லாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

கூழாங்கல்:
மூவருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் கழுத்துத் தோலை இடக்கையால் நன்றாகக் கீழே இழுத்துப் பிடித்து, கத்தியைப் படிய வைத்துச் சவரம் செய்தேன். எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. அளவுகோல் அவர்கள் இதில் மகிழலாம். ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. அது கல்லைச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் என்னை விடவில்லை. சிறு கோணல் துண்டு ஒன்றை வாங்கி, சோலிங்கனை அதிலும் ஷெஃபீல்டை மெருகுத்தாளிலும் முடித்து ஒப்பிடலாம் என்றிருக்கிறேன்.

அளவுகோல்:
அப்படிச் செய்தால் கல்லை அன்று, இரண்டு எஃகுகளையும் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டவர் ஆவீர்கள். சோலிங்கன் ஒன்றையே எடுத்து ஒரு வாரம் தாளில், மறுவாரம் கோட்டிகுலில் முடியுங்கள். ஒவ்வொரு முறையும் 4000இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

மஞ்சள்பாறை:
இதில் நாங்கள் இருவரும் ஒருமனம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: முதல் மாதம் கோட்டிகுலில் வரும் விளிம்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழம்பை எப்போது நீர்க்கச் செய்வது என்பது கைக்குப் பிடிபடும்வரை என் கத்தியும் எரியத்தான் செய்தது.