ஸ்டோமா வைத்தவர்கள் நார்க்காய்கறியை ஆயுளுக்கும் தலைமுழுக வேண்டுமா?

பொருநைக்கரை:
அல்சரேடிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண் நோய் முற்றிப்போய் எனக்குப் பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசி முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து பை மாட்டியிருக்கிறது. வெளியே தெரியும் அந்தக் குடல் வாய்தான் ஸ்டோமா. என்னுடையது சிறுகுடலில் வைத்த நிரந்தர இலியாஸ்டமி. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல்: கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொத்தவரங்காய், தேங்காய், சோளம், காளான், பலா, அன்னாசி. எவ்வளவு காலத்துக்கு என்று ஒரு வரி கிடையாது. வாட்ஸப் குழுவில் அதை ஆயுள் தண்டனையாகவே ஆக்கிவிட்டார்கள். புதிதாக வந்த ஒருவர் கீரை சாப்பிடலாமா என்று கேட்டதற்கு ஆளாளுக்குப் பாய்ந்து வந்து 'கூடவே கூடாது' என்கிறார்கள்.

அந்தப் பட்டியல் முதல் 6 முதல் 8 வாரத்துக்கு உரியது என்பது என் கட்சி. அறுவை முடிந்த புதிதில் குடல் வீங்கி, வாய் குறுகியிருக்கும். அப்போது எதுவும் சிக்கும். வீக்கம் வடிந்த பிறகு ஒவ்வொரு காயாக, கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம். நான் நார் உரித்த அவரை, கீரைக் கடையல், பொடியாக நறுக்கிக் குழைய வேகவைத்த பீன்ஸ் எல்லாம் சாப்பிடுகிறேன். ஒரு தொந்தரவும் இல்லை. தயிர்சாதமும் உருளைக்கிழங்குமாக எத்தனை வருடம் ஓட்டுவது?

மலைக்கோட்டை மங்கை:
'எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை' என்பதெல்லாம் ஒரு வாதமா சார்? ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுகிறவரும் இதைத்தான் சொல்வார்.

எனக்கும் இலியாஸ்டமிதான். வீக்கம் எல்லாம் வடிந்து நன்றாக இருந்த காலத்தில்தான் ஒரு விசேஷத்தில் வாழைப்பூ வடை சாப்பிட்டேன். ராத்திரி வயிறு முறுக்க ஆரம்பித்தது. பையில் முதலில் வெறும் தண்ணீராகப் பீய்ச்சியது, நாற்றம் தாங்கவில்லை. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஸ்டோமா உப்பிப்போய் வாந்தியும் வந்தபிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, டிரிப்ஸ் ஏற்றி, கடைசியில் அடைப்பு தானாக விட்டது. மறுபடி கத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்தால் ஆபத்து தீர்ந்தது என்கிறீர்கள். குடல் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற இடம் எப்போதுமே இறுக்கம்தான். அது போதாதென்று வயிற்றைத் திறந்தவர்களுக்கு உள்ளே குடல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாருக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று சாப்பிடும்போது தெரியுமா?

கொங்குத்தம்பி:
அண்ணா, அக்கா, ரெண்டு பேரும் இலியாஸ்டமியை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். தலைப்பில் பொதுவாக 'ஸ்டோமா' என்று இருக்கிறது. என் அம்மாவுக்கு மலக்குடல் புற்றுநோய்க்குப் பிறகு இடப்பக்கம் கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலில் வைத்த ஸ்டோமா. பெருங்குடலில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. அது வழக்கம்போல் தண்ணீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்கித்தான் பைக்கு அனுப்புகிறது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இந்த மாதிரி ஒரு பட்டியலைக் காட்டிக் காட்டியே அம்மா காய், கீரை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மலம் கல்லாக இறுகிப்போனது. இப்படி முக்கினால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வந்துவிடும் என்று சர்ஜன் எச்சரித்தார். இப்போது தினமும் காயும் பழமும் தண்ணீரும்தான் மருந்து. வாயுத் தொல்லைக்காக முட்டைக்கோசையும் மொச்சையையும் மட்டும் குறைத்திருக்கிறோம். கேள்வி கேட்கிறவரிடம் முதலில் எந்த ஸ்டோமா என்று கேளுங்கள்.

மலைக்கோட்டை மங்கை:
தம்பி சொல்வது சரி. கொலாஸ்டமிக்கு நார் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பொருநை சாருக்கு என் கேள்வி அப்படியே நிற்கிறது. மலத்துக்குப் பருமன் கொடுப்பது, கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் குடல் சுவருக்குத் தீனி கொடுப்பது என்று நாரால் வரும் நன்மை பெரும்பாலும் பெருங்குடலில்தான் நடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்தப் பெருங்குடலே இல்லை. வாழைத்தண்டு போன உருவத்திலேயே பைக்கு வரும். இந்தப் பலனுக்கா இவ்வளவு ஆபத்து?

பொருநைக்கரை:
எல்லா நாரும் போன உருவத்தில் வருவதில்லை மேடம். ஓட்ஸ், தோல் சீவிய ஆப்பிள், வாழைப்பழம் இவற்றிலெல்லாம் கரையும் வகை நார் இருக்கிறது. அது தண்ணீரைப் பிடித்துப் பையில் வருவதைக் கொஞ்சம் கெட்டியாக்கும். தண்ணீராக ஓடி, பையின் ஒட்டு பிரிந்து, தோல் வெந்து அவதிப்பட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்புறம், காய்கறி என்றால் நார் மட்டுமா? ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் எங்கிருந்து வரும்? இன்னொன்று, சிறுகுடலை வளையமாக வெளியே எடுத்துத் தற்காலிகமாக லூப் இலியாஸ்டமி வைத்தவர்களில் பலருக்குப் பெருங்குடல் உள்ளேதான் இருக்கிறது. குடலை மறுபடி உள்ளே இணைக்கும் ரிவர்சல் முடிந்ததும் அவர்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவர்களையும் சேர்த்துப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

வெள்ளைத்தொப்பி:
ஸ்டோமா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலி நான். நீங்கள் இருவரும் 'நார்' என்று ஒரே சொல்லில் இரண்டு விஷயம் பேசுகிறீர்கள். சத்து அட்டவணையில் இருக்கும் நாரின் அளவு வேறு, குடலில் சிக்குகிற பொருள் வேறு. ஓட்ஸில் நார் அதிகம், ஆனால் கஞ்சியாகக் குழைந்துவிடுவதால் சிக்காது. காளானில் நார் குறைவு, ஆனால் மெல்லாமல் விழுங்கிய துண்டு அப்படியே போய் அடைக்கும். சிக்குவதெல்லாம் நீளமான இழை, வேகாத தோல், மெல்லாத கட்டி, இந்த மூன்றும்தான்.

இதை வைத்து நம் சமையலைப் பாருங்கள். முருங்கைக்காயில் நாரை யார் சாப்பிடுகிறார்கள்? சதையை வழித்துவிட்டுச் சக்கையைத் துப்புகிறோம். சதையை ஸ்பூனால் வழித்துச் சாம்பாரில் கரைத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கீரை என்றால் இலையை மட்டும் ஆய்ந்து, குழைய வேகவைத்து, மத்தால் கடைந்தது. தண்டுக்கீரையின் தண்டைக் குழம்பில் போட்டுச் சப்புவது வேண்டாம். சுண்டலில் கடலையைவிட அதன் தோல்தான் ஆபத்து. யாருமே கவனிக்காத எதிரி, பொரியல் மேல் தூவும் தேங்காய்த் துருவல். பீன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் மேலே ஒரு கைப்பிடி துருவல் இருக்கும். தேங்காய்ப் பாலாகப் பிழிந்தால் பிரச்சினை இல்லை. வாழைத்தண்டை மோரில் போட்டுக் குச்சியால் சுழற்றினால் நூல் மட்டும்தான் வரும். தண்டின் சக்கை அப்படியே இருக்கிறது. வாழைத்தண்டு, வாழைப்பூ இரண்டையும் இலியாஸ்டமிக்காரர்களுக்கு நான் ஊக்குவிப்பதில்லை.

புதுக் காய் ஒன்றை மதியத்தில் சாப்பிட்டுப் பாருங்கள், ராத்திரியில் வேண்டாம். அடைத்தால் விழித்திருக்கும்போது தெரியட்டும்.

தென்னந்தோப்பு:
வாழைத்தண்டை இப்படித் தள்ளிவிடாதீர்கள். ஜூஸாக அடித்து வடிகட்டிக் கொடுங்கள். என் மைத்துனருக்கு இலியாஸ்டமி. இவர்களுக்குச் சிறுநீரகக் கல் சீக்கிரம் வரும் என்று டாக்டரே சொன்னார். கல்லுக்கு வாழைத்தண்டை மிஞ்சியது உண்டா?

வெள்ளைத்தொப்பி:
கல் வரும் என்பது உண்மை ஐயா. ஆனால் அது வாழைத்தண்டு சாப்பிடாததால் வருவதில்லை. தண்ணீர், உப்பு, பைகார்பனேட் மூன்றும் பை வழியாகப் போய்விடுவதால் சிறுநீர் குறைந்து அமிலமாகிவிடுகிறது. அதில்தான் யூரிக் அமிலக் கல் உண்டாகிறது. நன்றாக வடிகட்டிய ஜூஸ் குடலை அடைக்காது. ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று உப்பை மறந்தால் ஒரு பலனும் இல்லை. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு, உப்பு இன்னும் வெளியேறும். இளநீரில் பொட்டாசியம் இருக்கும் அளவுக்குச் சோடியம் இல்லை, அது ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று ஆகாது.

பையில் வருவது ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போது பலருக்கு லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கரைசலைச் சொல்வார்கள்: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். ரத்தக்கொதிப்பு, இதயம், சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

மலைக்கோட்டை மங்கை:
சிஸ்டர் சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதி ஏன் இல்லை என்றால், நீங்கள் சொல்லும் 'ஆய்ந்து, கடைந்து, மென்று' எல்லாம் யாருக்கு? பல்செட் வைத்த எழுபது வயதுக்காரர் எப்படி மெல்லுவார்? மருமகள் வேலைக்குப் போகிற வீட்டில் தண்டை எடுத்துவிட்டு இலையை மட்டும் யார் ஆய்வது? ராத்திரி அடைத்தால் சர்ஜன் இருக்கிற ஊருக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்கிற கிராமத்தில் நீங்கள் இருந்து பாருங்கள். நகரத்தில் இருந்துகொண்டு 'முயன்று பாருங்கள்' என்று சொல்வது சுலபம். ஸ்டோமா செவிலி என்று ஒருவர் இருப்பதே தெரியாத ஊர்கள்தான் அதிகம். அங்கே 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்தான் ஆளைக் காப்பாற்றும்.

பொருநைக்கரை:
அதே ஒற்றைச் சொல்தான் ஆளை இளைக்கவும் வைக்கிறது. குழுவில் பாதிப் பேர் கஞ்சியும் ரஸ்க்கும் சாப்பிட்டு எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். பந்திக்குப் போவதில்லை, சொந்தக்காரர் வீட்டில் கை நனைப்பதில்லை. பல் இல்லாதவருக்கு மிக்ஸி இருக்கிறது. கேரட், பூசணி, சுரைக்காய், சௌசௌ என்று சிக்காத காய் எத்தனை! தோல் சீவி, விதை எடுத்து, வேகவைத்து மசித்தால் போதும். உங்களுக்கு அடைத்தது வாழைப்பூ. அதற்குச் சுரைக்காய் எதற்குத் தண்டனை அனுபவிக்க வேண்டும்? உங்கள் விதியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், குழுச் சட்டமாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மலைக்கோட்டை மங்கை:
சுரைக்காயை நான் எங்கே தடுத்தேன்? வாதத்தை நைசாக மாற்றாதீர்கள். அவரையும் பீன்ஸும் பற்றித்தான் ஆரம்பித்தீர்கள்.

புதுவரவு:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். கணவருக்கு லூப் இலியாஸ்டமி வைத்து ஒரு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்காரலாமா?

வெள்ளைத்தொப்பி:
தாராளமாக உட்காரட்டும். சாதம், பருப்பு, வடிகட்டிய ரசம், அப்பளம், மோர். அவியல், கூட்டு, பொரியல், ஊறுகாய் மாங்காய் எதுவும் இப்போது வேண்டாம், இன்னும் காலம் இருக்கிறது. பாயசம் ஒரு கரண்டிக்கு மேல் போனால் பை சீக்கிரம் நிரம்பும். கறிவேப்பிலையை ஒதுக்கச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மங்கை:
புதுவரவு, இதையும் குறித்துக்கொள்ளம்மா. வயிறு முறுக்கி, நாலு முதல் ஆறு மணி நேரம் பையில் ஒன்றுமே வரவில்லை என்றால் அது அடைப்பாக இருக்கலாம். திட உணவை நிறுத்து. வாந்தி இல்லையென்றால் வெதுவெதுப்பாக ஏதாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், முழங்காலை மடித்துப் படுக்கட்டும், ஸ்டோமாவைச் சுற்றி மெதுவாகத் தடவிக் கொடு. ஸ்டோமா வீங்கினால் பை ஒட்டும் வளையத்தின் ஓட்டையைப் பெரிதாக வெட்டி மாற்று. பேதி மாத்திரை எந்தக் காரணத்துக்கும் கூடாது. வாந்தி வந்தாலோ, ஸ்டோமா கறுத்தாலோ, அடைப்பு விடாமல் வலி ஏறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போனதும் இலியாஸ்டமி என்று முதலில் சொல்.

பொருநைக்கரை:
இந்தப் பதிவைக் குழுவில் மேலே பின் பண்ணி வைக்கிறேன். அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு.

மலைக்கோட்டை மங்கை:
பட்டியலை எடுத்தால் நான் திரும்பப் போடுவேன்.