டேப்லெட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருநெல்வேலியிலிருந்து

நான் இரண்டு டேப்லெட்டைப் பிரித்திருக்கிறேன். முதலாவது பத்து நிமிட வேலை. இரண்டாவது நேற்றிலிருந்து மேசைமேல் பாதி திறந்து கிடக்கிறது.

முதலாவது, 2012-இல் வந்த நெக்ஸஸ் 7. கூகுளுக்காக அசூஸ் தயாரித்தது. பல வருடம் உழைத்துப் பேட்டரி தளர்ந்திருந்தது. பின்மூடியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரியும். அதில் பிக் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் துண்டை நுழைத்து நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விடும். மூடியைப் பிடித்து வைக்க எங்கும் பசை இல்லை. மூடி கையோடு வந்ததும் பேட்டரி எதிரிலேயே இருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன், கனெக்டரை மாட்டினேன், விளிம்பைச் சுற்றி அழுத்தினேன், முடிந்தது.

அதே வருடம்தான் மூன்றாம் தலைமுறை ஐபேடும் வந்தது. அதன் தடிமன் 9.4 மில்லிமீட்டர், நெக்ஸஸ் 10.45. சாதனங்களைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பத்துக்கு நெக்ஸஸுக்கு 7, ஐபேடுக்கு 2 என்று மதிப்பெண் போட்டது. அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் கிளிப் உட்கார இடம் இருக்கிறது. அதையும் இழைத்துவிட்டால் பசையைத் தவிர வேறு வழியில்லை. 2010-இல் வந்த முதல் ஐபேடுக்கே கிளிப்தான். அடுத்த வருடம் ஐபேட் 2 மெலிந்தபோது பசை வந்துவிட்டது.

இரண்டாவது என் மகளுடையது. கம்பெனி பெயர் வேண்டாம். கட்டிலிலிருந்து விழுந்து கண்ணாடி உடைந்தது. கடையில் கேட்ட விலை கட்டுப்படியாகாததால் நானே உட்கார்ந்தேன். ஹேர் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி, பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து, அரை அங்குலம் அரை அங்குலமாகப் போனேன். முழுக் கண்ணாடியாக இருந்தால் பசை இளகியதும் ஒரே பலகையாக எழும்பும். உடைந்த கண்ணாடி அப்படி வராது. அப்பளம் மாதிரி துண்டு துண்டாகப் பெயர்ந்தது. மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்ததால் சில்லுகள் சிதறவில்லை.

மூன்று பக்கம் விட்டது. நாலாவது பக்கத்தைத் தூக்கும்போது விரலில் மெலிதாக ஒரு இழுப்பு தெரிந்தது. நிறுத்துவதற்குள் அந்த இழுப்பு போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியிலிருந்து போகும் செம்பழுப்பு நிற ரிப்பன், அதாவது தட்டையான மெல்லிய ஒயர், பாதிக்குமேல் கிழிந்திருக்கிறது. டிஸ்ப்ளே உள்ளேயே பத்திரமாக இருக்கிறது, படமும் வருகிறது. இனி என்ன செய்வது? இதே கட்டத்தில் மாட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சென்னை, ரிச்சி தெருவிலிருந்து

சார், கவலையை விடுங்கள். கிழிந்தது உடைந்த கண்ணாடியோடு சேர்ந்த, விரல் தொடுவதை உணர்த்துகிற டச் ரிப்பன். புதுக் கண்ணாடி வாங்கினால் ரிப்பனும் அதோடு ஒட்டியே வரும். கண்ணாடி தனியாக எழும்பி டிஸ்ப்ளே உள்ளேயே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, உங்களுக்கு நல்ல சேதியே அதுதான்.

பதினைந்து வருடமாக டேப்லெட் பழுதுபார்க்கும் வேலை பார்க்கிறேன். டேப் கையில் வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: டச் தனி, டிஸ்ப்ளே தனியா, இல்லை இரண்டும் சேர்ந்த காம்போவா? தனித்தனியாக இருந்தால் கீறல் விழுந்த கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாம். காம்போ என்றால் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்தாலும் நல்ல டிஸ்ப்ளேயையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். விலையைச் சொன்னதும் வாடிக்கையாளர் முகம் மாறும். அதைப் பார்ப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஐபேடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் வந்த ஏர் 2-வுக்குக் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டியது. ஆனால் 2017-இலிருந்து வந்த சாதாரண ஐபேடுகளில், ஐந்தாம் தலைமுறை தொடங்கி 2022-இன் பத்தாம் தலைமுறை வரை, இரண்டும் தனித்தனி. விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எழுத்து கண்ணாடிக்குக் கொஞ்சம் கீழே இருப்பது போலத் தெரியும், வெளிச்சத்தில் கூசும் என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு என்னிடம் கேட்டால் நான் அந்தச் சாதாரண ஐபேடைத்தான் வாங்கச் சொல்வேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். டிஸ்ப்ளே ரிப்பனைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. பேட்டரி உயிரோடு இருக்கும்போது டிஸ்ப்ளே கனெக்டரை இழுத்தால் போர்டில், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டின் பியூஸ் போய்விடும். அப்புறம் திரை முழுக்க இருட்டாக இருக்கும், டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரியும். அப்படி என் மேசைக்கு வந்த டேப்புகள் ஏராளம். ஐபேட் ஏர் வகையில் பேட்டரிக்குப் பிடுங்குகிற கனெக்டரே கிடையாது. போர்டுக்கு அடியில் தொடுமுனைகள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். திருகைக் கழற்றி, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை பார்க்கிறோம்.

இன்னொன்று, கைரேகை உள்ள ஹோம் பட்டன். ஐபேடில் அந்தப் பட்டனும் போர்டும் ஜோடி. உடைந்த கண்ணாடியிலிருந்து அதைக் கிழியாமல் உரித்துப் புதுக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். வேறு பட்டன் போட்டால் கைரேகை வேலை செய்யாது. கண்ணாடியோடு பழைய பட்டனையும் குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

அண்ணா, நான் பள்ளி ஆசிரியை. நான் எதையும் பிரிக்கவில்லை, தானாகவே பிரிந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறை முழுவதும் ஒரு டேப் அலமாரிக்குள் சார்ஜரிலேயே இருந்துவிட்டது. ஜூனில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் திரை சட்டத்தை விட்டு எழும்பி நின்றது, இடுக்கில் விரல் நகம் நுழையும் அளவுக்கு. முதலில் பசை விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கையால் அழுத்தி ஒட்டவும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த லேப் உதவியாளர் சட்டென்று என் கையைப் பிடித்துத் தடுத்தார். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது மேடம், அழுத்தாதீங்க என்றார்.

அந்த மாதிரி பேட்டரியில் கத்தி முனையோ திருப்புளியோ பட்டால் தீப்பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அணைத்துவிட்டு, ஒரு மண் வாளியில் வெளியே வைத்து, மறுநாள் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் உலோக பிளேடைத் தொடவே இல்லை. ஒட்டுப்பசைமேல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் மட்டும் மெல்ல மெல்லப் பிரித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பேட்டரியை இழுத்து எடுக்கத் தயாரித்தவர்களே ஒரு பட்டி வைத்திருந்தால் இவ்வளவு பயம் தேவையில்லை என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். உங்கள் மகளின் டேப்பில் பேட்டரி உப்பலாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள் அண்ணா.

ஹாம்பர்கிலிருந்து

நான் இங்கே ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். எங்கள் கையில் இருப்பது சாம்சங் டேப் ஆக்டிவ்5. பின்மூடியை நகத்தால் திறந்து 5,050 எம்ஏஎச் பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம், பழைய நோக்கியா போன் மாதிரி. அப்படியும் தண்ணீர் புகாது. நீர் புகாமல் இருக்கத்தான் பசை என்று கம்பெனிகள் சொல்வதை அதற்கப்புறம் நான் முழுதாக நம்புவதில்லை. தடிமன்தான் கூடுதல், கையில் கனக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் டேப்லெட்டுகளுக்குப் புது விதி உண்டு. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடத்துக்கு உதிரி பாகம் கிடைக்க வேண்டும். பெட்டியோடு வரும் லேபிளில் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதை ஏ முதல் இ வரை தரமிட்டுப் போட வேண்டும். போன மாதம் என் மனைவிக்கு ஒன்று வாங்கப் போனபோது கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எழுத்தைத்தான் பார்த்தேன். நம் ஊர்க் கடைகளிலும் அந்த எழுத்து தெரிய வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மீண்டும் திருநெல்வேலியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. ரிச்சி தெரு அண்ணாச்சி சொன்ன வரிசையிலேயே போனேன். முதலில் பேட்டரியைப் பார்த்தேன். தட்டையாகத்தான் இருக்கிறது மேடம், உப்பல் இல்லை. அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் டிஸ்ப்ளேயைத் தொட்டேன். திருகுகளைக் கழற்றும்போது ஒரு தாளில் டேப்பின் படத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகோ அந்த இடத்திலேயே செல்லோ டேப் போட்டு ஒட்டி வைத்தேன். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் இரண்டு மட்டும் அரை மில்லிமீட்டர் நீளம் என்று தெரிந்தது. குட்டையான திருகு இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கியிருந்தால் அடியில் போர்டைக் குத்தியிருக்கும்.

அதிக நேரம் எடுத்தது சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையும் கண்ணாடித் தூளும்தான். இரண்டு மணி நேரம் சுரண்டித் துடைத்தேன். ஒரு சில்லு மிஞ்சினாலும் புதுக் கண்ணாடி சரியாக அமராது. ஒட்டுவதற்கு முன்னால் எல்லா கனெக்டரையும் மாட்டி, ஆன் செய்து, மகளையே வரையச் சொன்னேன். மூலைக்கு மூலை விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் அறுபடவில்லை. பிறகு விளிம்பில் பி-7000 பசையை மெல்லிய இழையாக ஓட்டி, கண்ணாடியை வைத்து, ஆறு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். இருபத்து நாலு மணி நேரம் ஆக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குக் கழற்றுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.