ஓல்காவைப் புனிதர் என்று எப்படிச் சொல்வது?

வைகறை:
கீவ் அரசி ஓல்காவை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 'அப்போஸ்தலருக்கு நிகரானவர்' என்று வணங்குகிறது. என் மனசு ஒப்பவில்லை. அவர் கணவர் இகோர் 945-இல் திரெவ்லியர் என்ற ஸ்லாவிய இனத்தாரிடம் கப்பம் வாங்கியது போதாமல் மறுபடியும் கேட்கப் போனார், கொன்றுவிட்டார்கள். ஓல்கா என்ன செய்தார்? அவரையே தம் அரசனுக்குப் பெண் கேட்டு வந்த திரெவ்லியத் தூதர்களைப் படகோடு குழியில் போட்டு உயிரோடு மூடினார். அடுத்து வந்தவர்களைக் குளிக்க அனுப்பி, குளியலறைக்குத் தீ வைத்தார். கணவர் கல்லறையருகே ஈமவிருந்து வைத்து, போதையில் கிடந்த 5,000 பேரை வெட்டச் சொன்னார். கடைசியாக திரெவ்லியரின் இஸ்கொரோஸ்தென் நகரம். வீட்டுக்கு மூன்று புறா, மூன்று குருவி மட்டும் கப்பமாகக் கேட்டார். பாவப்பட்ட மக்கள் மகிழ்ச்சியோடு பிடித்துக் கொடுத்தார்கள். இருட்டியதும் ஒவ்வொரு பறவையிலும் நெருப்புத் துணியைக் கட்டிப் பறக்கவிட்டார். அவை தம் கூட்டுக்கே திரும்பின. எரியாத வீடு ஒன்றில்லை. இவரா புனிதர்?

பழைய ஏடு:
நீங்கள் சொன்னதெல்லாம் ஞானஸ்நானத்துக்கு முன்னால் நடந்தவை. அதையும் துறவிகள் ஆண்டுக்குறிப்பு நூலாகத் தொகுத்தது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அவர் இறந்து நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. பறவைக் கதை வேறு நாடுகளிலும் உண்டு, வேறு வேறு அரசர்கள் பேரில். அவர் உண்மையில் விட்டுப்போனதைப் பாருங்கள். கப்பம் எவ்வளவு, எங்கே கட்டுவது என்று வரையறுத்தார். இகோரைச் சாகடித்ததே அந்த வரம்பில்லாத வசூல்தானே. அந்த ஆண்டுக்குறிப்பு சொல்கிறபடி பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் ஞானஸ்நானம் பெற்று எலேனா ஆனார். மகன் ஸ்வியாதொஸ்லாவ் "என் வீரர்கள் சிரிப்பார்கள்" என்று மறுத்தபோது மகனுக்காக இரவும் பகலும் ஜெபித்தாரே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. பேரன் விளாதிமிர் 988-இல் நாட்டையே கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தார். விதை யார் போட்டது?

வைகறை:
பழி வாங்கியது கட்டுக்கதை, ஞானஸ்நானம் மட்டும் வரலாறா? இரண்டும் ஒரே புத்தகம். அதே புத்தகம்தான் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் ஓல்காவை மணக்க விரும்பினார் என்றும், "நீர் என் ஞானத்தகப்பன் ஆயிற்றே" என்று அவர் மடக்கினார் என்றும் சொல்கிறது. பேரரசருக்கு மனைவி உயிரோடு இருந்தார்! அந்தப் பேரரசரின் அரண்மனைச் சடங்கு நூலில் ஓல்காவுக்குக் கொடுத்த வரவேற்பு இருக்கிறது, உடன் வந்த குருவானவர் கூட இருக்கிறார், ஞானஸ்நானம் இல்லை. சரி, பெற்றார் என்றே வைப்போம். 959-இல் ஜெர்மானிய அரசர் ஓட்டோவிடமும் ஆயர் கேட்டு ஆள் அனுப்பினாரே, அது விசுவாசமா, பேரமா? எனக்கு இதெல்லாம் கூடப் பெரிதில்லை. அந்த 5,000 பேருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர், ஒரு மன்னிப்பு, எங்காவது இருக்கிறதா? மனந்திரும்பாமல் என்ன புனிதம்?

கரிசல்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள். அவருடைய கடைசி நாட்களைப் படித்தீர்களா? 968-இல் பெச்செனேகர் என்ற நாடோடிகள் கீவை முற்றுகையிட்டபோது வயதான ஓல்கா பேரப்பிள்ளைகளோடு உள்ளே பசியில் மாட்டிக்கொண்டார். மகன் டான்யூப் கரையில் போரில் இருந்தார். திரும்பி வந்தவர் மறுபடியும் கிளம்பப் பார்த்தார். "என்னைப் புதைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ" என்றார் தாய். மூன்றே நாளில், 969-இல், இறந்தார். எனக்கு ஈமவிருந்து வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். குருவானவர் ஒருவர் அடக்கம் செய்தார். அந்த விருந்துக்கு மூலத்தில் உள்ள சொல் த்ரீஸ்னா. இகோர் கல்லறையில் 5,000 பேரை வெட்டிய விருந்துக்கும் அதே சொல்தான்.

பழைய ஏடு:
இத்தனை முறை படித்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நன்றி.

வைகறை:
கிறிஸ்தவர் என்பதால் பழைய சடங்கை வேண்டாம் என்றார், புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த விருந்து எப்படி முடியும் என்று அவருக்குத் தெரியும், இல்லையா? அந்த இரண்டு பக்கத்தையும் இன்று ராத்திரி திரும்பப் படிக்கிறேன்.