முன்னுக்குப் பண்டி, பின்னுக்குத் துவக்கு

முருங்கன் பொடியன் (பேரில மட்டும்தான் பொடியன், வயசு 63):

போன ஞாயிறு பேத்தியைக் கூட்டிக்கொண்டு கொழும்பு கறுவாத்தோட்டம் மியூசியத்துக்குப் போனனான். அங்க பாடம் பண்ணி வைச்சிருக்கிற, ஆக்களைத் திண்ட புணாணைச் சிறுத்தையைக் கண்டிட்டு, "அப்பப்பா, உங்கட காலைக் கடிச்சது இதுவோ?" எண்டு கேட்டாள். இல்லையம்மா எனக்கு வெட்டினது காட்டுப்பண்டி எண்டு சொன்னன், அதில இருந்து பழசெல்லாம் கிளம்பிட்டுது. காயப்பட்ட மிருகத்துக்குப் பின்னால போன அனுபவம் இருக்கிற ஆக்கள் எழுதுங்கோ, முதல்ல நானே தொடங்கிறன்.

1982 ஆவணி. மன்னார்ப் பக்கம் முருங்கனுக்கு உள்ளுக்க எங்கட பெரியப்பாவுக்கு வயலும் கொஞ்ச மரவள்ளியும். பண்டி ராவில வந்து மிசின் விட்டு உழுத மாதிரிக் கிண்டிப்போட்டுப் போகும். கொழும்பில இருந்து தலைமன்னார் ரயிலில வேட்டைக்கு வாற ஐயாமாருக்குப் பெரியப்பாதான் வழிகாட்டி. துவக்கும் லைசன்சும் அவையிட்ட, காடு இவரிட்ட. சம்பளம் எண்டு பெரிசா இல்லை, இறைச்சியில பங்கு, கொஞ்சக் காசு. எனக்கு அப்ப 19, தடம் பாக்கப் பழகிக்கொண்டிருந்தன்.

அண்டைக்கு வந்த ஐயா ஒரு பெரிய கந்தோரில இருந்தவர், நல்ல மனுசன்தான், ஆனா அவசரக்காரன். பரணில இருந்தனாங்கள், ஒம்பது மணி போல ஒரு தனியன் பண்டி வந்துது, ஐயா எஸ்.ஜி. தோட்டாவால (ஒண்டுக்குள்ள ஒம்பது பெரிய குண்டு) போட்டார், அது ஒரு உறுமலோட பத்தைக்குள்ள போயிட்டுது. "நெஞ்சிலதான் பட்டது, நான் கண்ணால கண்டனான்" எண்டு நிண்டார். பெரியப்பா ரோச்சோட இறங்கி பத்தடி கூடப் போகேல்லை, ஒரு இலையைப் பிடுங்கி மணந்து பாத்திட்டு என்ர மூக்குக்குக் கிட்ட நீட்டினார். புளிச்ச மரவள்ளி மணம். குடலில பட்டிருக்கு. "விடியட்டும், வெயில் ஏறட்டும், பிறகு பாப்பம்" எண்டார். குடலில பட்ட மிருகத்தைக் கலைக்காம விட்டா கிட்டவே எங்கையும் படுத்திடும், உடன போனா எழும்பி மைல் கணக்கில போயிடும், இல்லாட்டி நிண்டு பாக்கும்.

ஐயாவுக்கு ஞாயிறு ராவே ரயில் ஏறோணும், திங்கள் கந்தோர். நிலம் வெளிக்கமுதல் தொடங்கிட்டார், "என்ன இன்னும் இருக்கிறம், என்ன இன்னும் இருக்கிறம்". பெரியப்பா ஓம் எண்டிட்டார். அந்த மனுசன் காட்டில விட்ட ஒரே பிழை அதுதான், எனக்கு இண்டைக்கும் அவரில அந்தக் கோவம் இருக்கு.

தடம் பாக்கப் போறது எப்பிடியெண்டா, முன்னுக்குப் போறவன் நிலத்தைத்தான் பாக்கோணும், நிமிர ஏலாது, நிமிர்ந்தா ரத்தம் விட்டுப்போகும். அவன்ர தோளுக்கு மேலால முன்னுக்குப் பாக்கிறது துவக்குக்காரன்ர வேலை. அதாவது என்ர உயிர் மற்றவன்ர கண்ணில. அந்தக் கண் கொழும்பில பைல் பாக்கிற கண் எண்டா யோசிச்சுப் பாருங்கோ. பண்டியை விட முதுகுக்குப் பின்னால வாற துவக்குக்குத்தான் நான் கூடப் பயந்தனான்.

முருங்கன் களி தெரியும்தானே, ஆவணி வெயிலுக்குக் கைவிடுற அளவு வெடிச்சுக் கிடக்கும், அடி விழாது. ரத்தமும் கொஞ்சத் தூரத்தில நிண்டிட்டுது. பிறகு எறும்பைத்தான் பாத்தனான், கட்டெறும்பு எங்க மொய்க்குதோ அங்க ஒரு சொட்டு. அப்பிடியே போகேக்க தடம் ஒரு சூரைப் பத்தையைத் தாண்டி நேர போகுது, நானும் போறன், எங்கட கிழட்டு நாய் மட்டும் வாலை உள்ளுக்க விட்டுக்கொண்டு பின்னால நிண்டிட்டுது. நான் நாயைப் பாத்துப் பேசினனான், அடிச்சாலும் வராது. அப்பதான் பக்கவாட்டில ஒரு சத்தம், டக் டக் எண்டு, பாக்குவெட்டியை வெறுமன வெட்டுற மாதிரி. பண்டி மேல் கொம்பையும் கீழ்க் கொம்பையும் உரசிற சத்தம் அது. நேர போய், திரும்பி வந்து, தான் வந்த பாதையைப் பாத்துக்கொண்டு பத்தைக்குள்ள படுத்திருக்கு.

பிறகு நடந்ததெல்லாம் ஒரு நிமிசம் இருக்காது. வெடி என்ர இடக்காதுக்குப் பக்கத்தால போச்சு, மண்ணில பட்டுது. பண்டி கீழ இருந்து மேல வெட்டும், தொடையில வாங்கிக்கொண்டு முள்ளுக்குள்ள விழுந்தன். குப்புறக் கிட எண்டு பெரியப்பா கத்தினது ஏதோ கிணத்துக்குள்ள இருந்து மாதிரிக் கேட்டுது. நாய், வரமாட்டன் எண்ட அதே நாய், பாய்ஞ்சு அதின்ர காதைப் பிடிச்சுது. தலையைத் திருப்பிப் பாத்தா துவக்கு கீழ கிடக்கு, ஐயா மேல. வீரை மரத்தில, சப்பாத்தோட. பெரியப்பா துவக்கை எடுத்து மற்றக் குழலால முடிச்சார்.

சாரத்தைக் கிழிச்சுக் கட்டி, லான்ட்மாஸ்டரில (ரெண்டு சில்லு உழவு மிசின்) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் 21 தையல். பண்டியை வெட்டின ஆக்கள் பிறகு சொன்னவை, ஒம்பது குண்டில ஒண்டே ஒண்டுதான் பட்டிருக்கு, அதுவும் கடைசி விலாவுக்குப் பின்னால. ஐயா அண்டைக்கு ராவே உரப்பையில இறைச்சியோட ரயில் ஏறிட்டார்.

அப்ப ஏன் போறது, விட்டிட்டு வரலாமே எண்டு கேப்பியள். வேட்டைக்காரர் ஜிம் கோர்பட் 1907ல இந்தியாவில சம்பாவத்தில சுட்ட பெட்டைப் புலி 436 பேரைக் கொண்டது எண்டு கணக்கு. வாயைப் பாத்தா வலப்பக்கம் மேல் வேட்டைப் பல்லு பாதி, கீழ்ப் பல்லு அடியோட இல்லை, எவனோ சுட்டுப்போட்டு விட்ட காயம். இங்க பண்டி ஆளைத் தின்னாது, ஆனா அடுத்த நாள் விறகு பொறுக்கப் போற பொம்பிளை அந்தப் பத்தையால போவாள்.

கல்லடிக்காரன்:

அண்ணன், புணாணை நம்மட மட்டக்களப்புப் பக்கம். 1924ல ஏகர் எண்ட வெள்ளக்காரன் சுட்டது, குறைஞ்சது 12 பேரையாவது திண்ட சிறுத்தை எண்டுதான் சொல்றது. என்ட மாமா வாகரைப் பக்கம் மாடு மேய்ச்சவர், அவருக்கு நடந்தது யானையில. யாரோ சேனைக்காரன் வெடி வெச்சி முன்னங்கால் சீழ் பிடிச்ச யானை, நொண்டி நொண்டி குளத்தடியிலயே நிண்டிருக்கு. நொண்டிதானே எண்டு ஒரு பொடியன் கிட்டப்போய்ப் பட்டாசு கொளுத்திப் போட்டிருக்கான். மூணு கால்ல ஓடுற யானைய நீங்க கண்டிருக்க மாட்டீங்க, மாமா கண்டார். பொடியன் குளத்துக்குள்ள பாய்ஞ்சதால தப்பினான். மறுகா ஹக்கபட்டாஸ் ஒண்டு இருக்கே, பண்டிக்கு எண்டு தீனிக்குள்ள வெச்சிப் போடுற வெடி, யானைக்குட்டி அதக் கடிச்சி வாய் கிழிஞ்சி திங்க ஏலாம நாள்க்கணக்கா நிண்டு சாகும். தாய் பக்கத்துலயே நிக்கும். அந்த இடத்துக்குப் போய் மருந்து போடுற வனவிலங்கு ஆக்களுக்கு என்ன சம்பளம் குடுத்தாலும் காணாது.

மஸ்கெலியா பொண்ணு:

எங்க தோட்டத்துல துவக்கெல்லாம் இல்லங்க, கம்பி சுருக்குதான். பன்னிக்கு வைப்பாங்க, சிறுத்த மாட்டும். நான் ஸ்கூல் போற காலத்துல லயத்துக்குப் பின்னாடி ஒன்னு இடுப்புல மாட்டிக் கெடந்துச்சு, சத்தமே இல்ல, செத்துருச்சுன்னு நெனச்சு ஆளுங்க சுத்தி நின்னாங்க. கம்பிய கட்டியிருந்தது ஒரு சின்ன சவுக்கு மரத்துல. ஒரு மாமா இன்னும் ரெண்டடி முன்னாடி போனாரு, அது எந்திரிச்ச வேகத்துல மரமே வளைஞ்சிருச்சு, அவரு தோள்பட்டையில நகம் இழுத்த கோடு இன்னும் இருக்கு. 2020 மே மாசம் நல்லதண்ணியில கருஞ்சிறுத்த மாட்டுனப்ப காப்பாத்திட்டாங்கன்னு சந்தோசப்பட்டோம், சில நாள்லயே செத்துருச்சு. கம்பி உள்ளுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு வெளிய இருந்து தெரியாதுங்க.

தெமட்டகொட நானா:

முருங்கன் அண்ணே, ரத்தத்தப் பாத்தே எங்க பட்டதுன்னு செல்ல ஏலுமா? அந்த கொழும்பு ஐயாவ பொறகு எப்பயாச்சும் கண்டீங்களா?

முருங்கன் பொடியன்:

ஏலும் நானா. நுரையோட றோஸ் நிறமா இருந்தா நுரையீரல், கனதூரம் போகாது. கரும்சிவப்பு எண்டா ஈரல், பொறுத்துப் போகோணும். பச்சைத் தண்ணி கலந்து மணத்தா குடல், அது விடிஞ்சு நல்லா வெயில் ஏறினாப் பிறகுதான். பளிச்செண்ட சிவப்பு முதல்ல கனக்கத் தெறிச்சிட்டு நிண்டுபோனா சதையில மட்டும் பட்டிருக்கு, அதை அனேகமாப் பிடிக்க ஏலாது. இலையில எந்த உயரத்தில பூசியிருக்கெண்டும் பாக்கோணும், பாதைக்கு ரெண்டு பக்கமும் இருந்தா குண்டு மற்றப் பக்கத்தால வெளியில வந்திருக்கு. மயிர் விழுந்து கிடந்தா அதையும் எடுத்துப் பாக்கிறது, முதுகு மயிர் தடிப்பு, வயித்து மயிர் மெல்லிசு.

ஐயாவைக் கண்டனான். பத்துப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு பம்பலப்பிட்டிச் சந்தியில, பஸ்சுக்கு நிக்கேக்க. அவர்தான் அடையாளம் கண்டு வந்து தோளில தட்டினவர், இடப்பக்கத்தால கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. "தம்பி, அந்தப் பண்டி என்ன நிறை வந்திருக்கும்?" எண்டு கேட்டார். எண்பது கிலோ வரும் ஐயா எண்டன்.

"நான் நூற்றிருபது எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரியிறன்" எண்டார்.